எட்மண்டைப் பட்டியலில் ஏற்றுவது சம்பந்தமாக

ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர் சங்க அறை,
மைசூர் மைன்ஸ், கே.ஜி.எஃப்.
செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி.

என் மனைவி இசபெல்லாவின் கூடப்பிறந்த தம்பியும், எனக்கு இருக்கிற ஒரே மச்சானும், பெங்களூரில் மகள் வீட்டு மூன்றாவது மாடியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவனுமான எட்மண்டுக்கு, சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஸ்கெலட்டன் லைனிலிருந்து உன் மாமா ஏனோக் சொல்லிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அக்காவும் முழங்காலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சுகம். நீயும் உன் மகள் ஆனியும் மருமகனும் அந்த வீட்டுப் பூனையும் சுகமாக இருக்க ஜெபித்துக்கொள்கிறோம். பூனையைச் சேர்க்கச் சொன்னது உன் அக்கா.

இதெல்லாம் எந்த வருஷம் நடந்தது என்று பிற்பாடு நீ கேட்பாய், அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன். மூன்று நாள் விடாத மழையில், தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டின மண் மலையான சயனைடு மேடு கரைந்து தெருவுக்கு இறங்கி, சரோஜம்மாவின் வெள்ளை நாய் சாம்பல் நாயாகிப் போய், அவள் அதை வேறு வீட்டு நாய் என்று விரட்டினாளே, அந்த வருஷம். எழுபது வயது ஃப்ரெடி தலைக்கு மை அடித்துக்கொண்டு பங்காருபேட்டையில் இரண்டாம் கல்யாணம் செய்து, போட்டோவில் மாமனாருக்கு அண்ணன் மாதிரி நின்ற வருஷம். சாம்பல் புதன் அன்றைக்குப் பாதிரியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு, பிரசங்கத்தைச் சைகையிலேயே முடித்து, எல்லாரும் நல்ல பிரசங்கம் என்று சொன்ன வருஷம். அந்த வருஷம் தவக்காலத்தில்தான் நம் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

எழுத்து வாசனையே இல்லாத மாமா எப்படிக் கடிதம் எழுதுகிறான் என்று நீ கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாய். நான் எழுதவில்லை, பேசுகிறேன். இதில் மைக் படம் ஒன்று இருக்கிறது. அதை அழுத்திவிட்டுப் பேசினால் அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகிறது. வரியைச் சேர் என்றால் சேர்க்கிறது, எடு என்றால் எடுக்கிறது, நம் வீட்டில் யாரும் இப்படி என் பேச்சைக் கேட்டதில்லை. எண்பத்தொரு வயது வரைக்கும் கைநாட்டு மட்டும் வைத்தவன் இந்த இரண்டு மாதத்தில் ஒரு பைபிள் கனத்துக்கு எழுதிவிட்டேன். ஆனால் அதற்குக் கொஞ்சம் கௌரவம் ஜாஸ்தி. நான் ‘இன்னா மச்சான்’ என்றால் ‘என்ன மைத்துனரே என்று மாற்றட்டுமா?’ என்று கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி அலுத்துப்போய், ஜெயம்மா மொத்தத்துக்கும் சரி என்று அழுத்திவிட்டாள். அதனால் இந்தக் கடிதத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி தெரிந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நான் கோபத்தில் பேசுகிற இடத்தில் அதுவும் பயந்துபோய் அப்படியே விட்டுவிடுகிறது.

ஜெயம்மா யார் என்று கேட்பாய். கோர்ட்டு வாசலில் முப்பத்திரண்டு வருஷம் டைப் அடித்தவள், ஐம்பத்தெட்டு வயது, இப்போது சங்கத்துக்கு வாரம் நாலு நாள் வருகிறாள். வீட்டில் பேசுவது தெலுங்கு, நம்மிடம் தமிழ், வேலை முடிந்தால் மட்டும் கன்னடத்தில் ‘ஆய்த்து’ என்பாள். கம்ப்யூட்டரை அவள் பழைய டைப்ரைட்டரை அடிக்கிற அடிதான் அடிக்கிறாள், வந்த மாதமே இரண்டு எழுத்து உடைந்துவிட்டது. ஒரு வரி முடிந்ததும் அவள் இடது கை தன்னால் மேலே எழும்பி இல்லாத பிடியைத் தள்ளும். பக்கத்தில் உட்கார்ந்தால் என் டீ கிளாசுக்கு ஆபத்து. இந்த லட்சணத்தில் வாரத்துக்கு ஒரு தடவை காலையில் திறந்ததும் ஒரு பெட்டி குதித்து வந்து, புது வசதி வந்திருக்கிறது, சுற்றிக் காட்டட்டுமா என்று கேட்கிறது. நேற்று இருந்த பொத்தான் இன்றைக்கு இல்லை. வாடகை வீட்டில் ஓனர் வந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கக்கூசை இடம் மாற்றி வைத்த மாதிரி என்று ஜெயம்மா சொல்வாள். ஒரு வாரம் வந்த புது வசதி, கூட்டத்தில் பேசுகிறதைக் கேட்டுச் சுருக்கி எழுதுகிறதாம். நான் குடிதண்ணீர்க் குழாய் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன், 1962-இலிருந்து ஆரம்பித்து, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை குடம் என்பது வரைக்கும். அது எழுதினது: ‘ஏனோக் கருத்துத் தெரிவித்தார்.’ உன் அக்கா இதைக் கேட்டுவிட்டு, இந்த மெஷின் ஒன்று வீட்டுக்கு வாங்கலாம் என்கிறாள்.

இருக்கட்டும், அசல் விஷயத்துக்கு வருகிறேன். சங்கத்து உறுப்பினர் பட்டியலை நோட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லாரும் அவரவர் போனிலேயே திறந்து பார்க்கிற மாதிரி செய்துவிட்டார்கள். யார் திறந்து பார்க்கிறார்களோ அவர்கள் பெயரின் முதல் எழுத்து, மேலே கலர் கலராக ஒரு வட்டத்துக்குள் வந்து உட்காரும். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் வட்டம் எண்ணத் தெரியும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டப் போகிற நேரம், ஊதா வட்டம் ஒன்று மட்டும் போகாமல் நிற்கிறது. அது ஃப்ரெடி, இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்றாள் ஜெயம்மா.  உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஷிஃப்டுக்கு இறங்குகிறவன் போர்டு ஆணியிலிருந்து தன் பித்தளை டோக்கனைக் கழற்றிக்கொண்டு போவான், ஏறி வந்ததும் மாட்டுவான். ஓர் ஆணி காலியாக இருந்தால் ஒருத்தன் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அந்த ஆணி நிரம்புகிற வரைக்கும், ஷாஃப்ட் வாயில் நின்று, ஆளை ஏற்றி இறக்குகிற கேஜுக்கு மணி அடிக்கிறவன் வீட்டுக்குப் போகக் கூடாது. முப்பத்தொரு வருஷம் அந்த மணியை அடித்தவன் நான். எண்ணூறு டோக்கன் நம்பரும் அதற்குரிய எண்ணூறு மூஞ்சியும் இன்றைக்கும் மண்டையில் இருக்கின்றன.

சங்கத்துச் செயலாளர் டைட்டஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான். “அண்ணே, அவரு ஃபைலுக்குள்ள கீறாரு. ஷாஃப்டுக்குள்ள இல்ல.”

“எதுக்குள்ள இருந்தா இன்னா, ஏறல இல்ல?” என்றேன்.

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பூட்டுகிறவன் என்னையும் சேர்த்துப் பூட்டட்டும் என்றேன். கடைசியில் டைட்டஸே தன் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் வைத்து ஃப்ரெடி வீட்டுக்கு ஓட்டினான். அங்கே புது மாப்பிள்ளை பனியனோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார், போன் அரிசி டின் மேல் மல்லாந்து கிடக்கிறது, அதில் நம் பட்டியல் திறந்தபடியே இருக்கிறது. தான் உள்ளே இருப்பதே அவருக்குத் தெரியாது. என் கண் முன்னால் மூட வைத்து, ஜெயம்மாவுக்குப் போன் போட்டு, வட்டம் போய்விட்டதா என்று கேட்டு, போய்விட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் திரும்பினேன். டைட்டஸ் இதை ஊர் முழுக்க ஜோக்காகச் சொன்னான். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து என்ன நடந்தது தெரியுமா, நம் கிழவர்கள் ஒவ்வொருத்தராகப் பட்டியலை மூடினதும் எனக்குப் போன் செய்து ‘ஏனோக்கண்ணே, நான் ஏறிட்டேன்’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். டைட்டஸே ஒரு நாள் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டைட்டஸைப் பற்றி உனக்கு நான் சொல்லி ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. மாரிகுப்பம் ஆட்களோடு ஆடின மேட்சில் நம் கோலிலேயே பந்தைப் போட்டான், அன்றிலிருந்து நாற்பது வருஷமாக நீ அவனோடு பேசுவதில்லை. மூன்று வருஷம் கீழே வேலை பார்த்துவிட்டு, காக்கிச் சட்டையும் கேன்டீனும் இருக்கிற தொழிற்சாலைக்குப் போனவன், ரிட்டயர் ஆனதும் சுரங்கத் தொழிலாளி என்று சொல்லிக்கொண்டு நம் சங்கத்தில் செயலாளராக வந்து உட்கார்ந்துவிட்டான். உன்னைவிட ஒரு வயது சின்னவன், தலைமுடி மட்டும் அப்படியே இருக்கிறது. அதிலேயே எனக்குப் பாதிக் கோபம்.

இப்போது கவனமாகக் கேள். நம் லைன் வீடுகளை அதில் வேலைக்கு இருந்தவர்கள் பெயரிலேயே பத்திரம் செய்து கொடுக்கப் போகிறார்கள். அதற்கு உயிரோடு இருக்கிறவர்கள் பட்டியலை நம் சங்கம் இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் மேலே அனுப்ப வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவன் வீடு காலி வீடு. என் வீடு தொண்ணூற்றொன்பது மழையில் சரிந்ததும், நீ பெங்களூருக்குப் போகிறபோது, அக்காவும் மாமாவும் இங்கே இருக்கட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாயே, அந்த வீடு உன் பெயரில்தான் இருக்கிறது. உன் பெயர் இருந்தால் உன் அக்கா இருக்கிறாள். உன் பெயர் இல்லாவிட்டால், இருபத்தைந்து வருஷமாக அவள் சாணி மெழுகி, பிறகு சிமெண்டு போட்டு, பிறகு டைல்ஸ் ஒட்டின வீட்டைக் காலி என்று எழுதிவிடுவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் டைட்டஸ் பங்காருபேட்டையில் யாரோ நடத்தின அரை நாள் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்விட்டு, கையில் ஒரு சர்டிபிகேட்டும் வயிற்றில் ஒரு பிரியாணியுமாக வந்தான். போன திங்கட்கிழமை எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரே பெயர் இரண்டு தடவை இருந்தால் ஒன்றைத் தானே எடுத்துவிடுகிற வசதி இருக்கிறது, பாருங்கள் என்று ஒரு பொத்தானை அழுத்தினான். பட்டியல் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிற்று. எவ்வளவு சுத்தமாக ஆகிவிட்டது பாருங்கள் என்றான். மொத்தம் எத்தனை என்று ஜெயம்மாவைக் கேட்டேன். நூற்றெண்பத்தேழு என்றாள். என் கணக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. இருபத்தைந்து ஆளைக் காணோம்.

மச்சான், உனக்குத் தெரியும், நம் ஊரில் பெயருக்குப் பஞ்சம். பைபிளில் இருக்கிற நல்ல பெயர் மொத்தமே முப்பது, அதை வைத்துக்கொண்டு நாலு தலைமுறை பிள்ளை பெற்றாகிவிட்டது. யேசுதாஸ் மகன் சாமுவேல் ஸ்கெலட்டனில் மட்டும் மூன்று பேர், அதில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து வீடு, தபால்காரனே மூக்கைப் பார்த்துத்தான் கடிதம் கொடுப்பான். இதெல்லாம் மெஷினுக்குத் தெரியுமா? அப்பன் பெயரும் பிள்ளை பெயரும் லைன் பெயரும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று வாரிவிட்டது. டைட்டஸிடம் சொன்னேன், நீ இருபத்தைந்து பேரைக் கீழேயே விட்டுவிட்டு கேஜை மேலே தூக்கிவிட்டாய் என்று. கம்ப்யூட்டர் தப்புச் செய்யாது என்றான். பேப்பர் காட்டுங்கள், ஏற்றிவிடலாம் என்றான். நோட்டு, பேப்பரெல்லாம் சயனைடு மேடு கரைந்த மழையில் கூழாகிவிட்டது, பேப்பர் இதுதான் என்று என் மண்டையைத் தட்டிக் காட்டினேன். அதற்கு அவன், எல்லார் முன்னாலும், “படிக்காதவங்க சொல்றத வச்சி நான் எப்படிண்ணே கையெழுத்துப் போடுறது?” என்றான்.

நான் எழுந்து வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஜெயம்மாவை உட்கார வைத்து, மைக்கை அழுத்தச் சொல்லி, டோக்கன் நம்பர் வரிசையில் இருபத்தைந்து பேரையும் சொன்னேன். ஆனால் பெயர்கள் கறுப்பில் வரவில்லை, பச்சையில் வந்தன. என்ன என்று கேட்டால், டைட்டஸ் இன்னொரு வசதியைப் போட்டு வைத்திருக்கிறானாம். இனிமேல் யார் எதைச் சேர்த்தாலும் அது யோசனைதான், செயலாளர் டிக் போட்டால்தான் பட்டியலில் ஏறும், பெருக்கல் குறி போட்டால் போய்விடும். சாயங்காலம் அவன் வந்து இருபத்தைந்துக்கும் பெருக்கல் குறி போட்டான். மறுநாள் காலையில் நான் இருபத்தைந்தையும் மறுபடி சொன்னேன். அவன் மறுபடி போட்டான். இப்படியே மூன்று நாள். மூன்றாம் நாள் அவன் ஓரத்தில் ஏதோ எழுதியிருந்தான். ஜெயம்மா முதல் ஒன்றை மட்டும் படித்தாள்: ‘ஆதாரம்?’ இவன் எழுதுவதை இனிமேல் எனக்குப் படித்துக் காட்டாதே, என் ரத்தக் கொதிப்புக்கு ஆகாது, நான் சொல்வதை மட்டும் அதற்குக் கீழே ஏற்று என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் அவள் அந்த ஓரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொன்னாள். அங்கே எழுதுகிறதை நூற்றெண்பத்தேழு பேரும் படிக்கலாம்.

“அவரு டிக் போட்டாக்கா ஆச்சுண்ணா, உங்க பேச்சு மறஞ்சிடும்” என்றாள்.

“அப்போ போடுற வரிக்கும் பேசலாம்” என்றேன்.

முதலில் மூக்குச் சாமுவேல். ஆதாரம்: எழுபத்து நாலில் டைட்டஸ் முதல் நாள் கேஜில் இறங்கியபோது பக்கத்தில் நின்றவன் இவன்தான். டைட்டஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கம்பி என்று பிடித்தது இந்தச் சாமுவேலின் மூக்கை, கேஜ் நிற்கிற வரைக்கும் விடவில்லை, மூக்கு இப்படி ஆனது அதற்குப் பிறகுதான், சந்தேகம் இருந்தால் இரண்டு சாமுவேலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். அடுத்தது ரவிகுமார். ஆதாரம்: கிறிஸ்துமஸ் நாடகத்தில் இவன் ஒட்டகத்தின் பின்கால், டைட்டஸ் முன்கால். கூட்டத்தைப் பார்த்ததும் முன்கால் நடுங்கி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டது, பின்கால் மட்டும் பெத்லகேம் வரைக்கும் நடந்து போயிற்று. அடுத்தது ஜோசப் மகன் டென்சில். ஆதாரம்: டைட்டஸ் பெண் பார்க்கப் போனபோது மீசை முளைக்கவில்லை, கார்பைட் விளக்குக் கரியில் வரைந்து விட்டவன் இந்த டென்சில், பெண் வீட்டில் காப்பி குடித்ததும் பாதி மீசை டம்ளரோடு உள்ளே போய்விட்டது.

அன்றைக்கு மேலே எத்தனை வட்டம் தெரியுமா? நாற்பத்து மூன்று. மானிட்டரில் இடம் போதாமல் மிச்சத்தை ஒரே வட்டத்துக்குள் நம்பராகப் போட்டது. படிக்கத் தெரியாதவர்களுக்கு மருமகள்கள் படித்துக் காட்டினார்கள். குழாயடியில் ஆள் இல்லை. மீசை விவகாரத்தைப் படித்த டைட்டஸின் மனைவி பாப்பம்மா அப்படியே சங்க அறைக்கு வந்து, அவன் எதிரே நின்று, “நாப்பத்தாறு வருசமா அந்த டம்ளர்ல இன்னா கருப்புன்னு யோசிச்சிக்கினு கீறேன். எங்கம்மா மேல சந்தேகப்பட்டுட்டேனே” என்று சொல்லிவிட்டுப் போனாள். அரை மணியில் டென்சிலுக்கு டிக் விழுந்தது. கால் மணியில் ரவிகுமாருக்கு. அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்து, இந்த ஆபிரகாம் யார் என்றால், டைட்டஸுக்கு ஒரு நாள் வயிறு சரியில்லாதபோது, என்று ஆரம்பித்தால் போதும், வாக்கியம் முடிவதற்குள் டிக் விழுந்துவிடும். நேற்று மத்தியானம் வரைக்கும் இருபத்து நாலு பேரை மேலே ஏற்றிவிட்டேன்.

மிச்சம் ஒரே ஆள். நீ.

உன் விஷயத்தில் அந்தப் பொத்தான் செய்த அநியாயத்தைக் கேள். ஞானமுத்து மகன் எட்மண்ட் இரண்டு பேர், நீ ஒன்று, சுருட்டை எட்மண்ட் ஒன்று. சுருட்டையை நாலு மாதத்துக்கு முன்னால் நாங்களே தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தோம். இந்த மெஷின் செத்தவனைப் பட்டியலில் உட்கார வைத்துவிட்டு உன்னை எடுத்திருக்கிறது. உன்னை நான் எட்டு தடவை ஏற்றிவிட்டேன், அந்த முதல் மூன்று நாளைக்குப் பிறகு டைட்டஸ் டிக்கும் போடவில்லை, பெருக்கல் குறியும் போடவில்லை, சும்மா வைத்திருக்கிறான். ஓரத்தில் ஏதோ எழுதியும் வைத்திருக்கிறான், நான் படிக்கச் சொல்லவில்லை. என்ன இருக்கப் போகிறது, கோல் விவகாரமாகத்தான் இருக்கும். ஊரைவிட்டு வெளியே இருக்கிறவனுக்கு, அவனோடு ஒரே கேங்கில் வேலை பார்த்த ஒருத்தன் உயிரோடு இருந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று வேறு ஒரு கட்டம் இருக்கிறதாம். நான் சாட்சி சொல்கிறேன் என்றேன், நீங்கள் மேலே மணி அடித்தவர், கேங்கில் சேர்த்தி இல்லை என்கிறார்கள். உன் கேங்கில் ஒருத்தன்கூட மிச்சமில்லை, எல்லாரும் போய்ச் சேர்ந்தாயிற்று என்று நானே என் வாயால் சொல்லிவிட்டேன். என் ஞாபகத்தை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது என்னவென்றால், வெள்ளிக்கிழமை காலை ரயிலில் நேரே வந்து நிற்க வேண்டும். ஆளே வந்து நின்றால் சாட்சி எதற்கு? இடுப்பில் ஆபரேஷன் ஆனவன், மூன்று மாடி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறான் என்று ஆனி சொன்னாள். நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வரட்டும். மாரிகுப்பம் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். வரும்போது அந்த மேட்சில் எடுத்த போட்டோவை மறக்காமல் கொண்டு வா. டைட்டஸ் நம் கோலுக்குள் பந்தைப் போட்டுவிட்டு, சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பானே, அதுதான். அதைச் சங்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டி, அதற்குக் கீழே உன்னை உட்கார வைக்கிறேன். அவன் டிக் போடுகிறானா இல்லையா என்று பார்ப்போம். அவனிடம் நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், நாற்பது வருஷம் பேசாமல் இருந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ளாதே, பேசுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அவனுக்கு ஈவு இரக்கம் இல்லை மச்சான். உன் அக்கா இருக்கிற கூரை அவன் விரல் நுனியில் நிற்கிறது என்று தெரிந்தும், நாலு நாளாக வாயைத் திறக்காமல் எதிரிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆனிக்கு நல்ல புத்தியும், மருமகனுக்கு நல்ல சம்பளமும், உன் இடுப்புக்கு நல்ல ஆணியும் ஆண்டவர் அருள வேண்டும். வரும்போது உன் அக்காவுக்கு அந்தச் சாம்பல் கலர் முழங்கால் பட்டை ஒரு ஜோடி வாங்கி வா. போனில் வருவதை நீ நம்பமாட்டாய் என்பதால் இதைப் பேப்பரில் எடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். லைனில் எல்லாரும் உன்னைக் கேட்டதாகச் சொன்னார்கள். மாமனுடைய ஆசீர்வாதம் உன் வீட்டில் முதல் படியிலிருந்து மூன்றாவது மாடி வரைக்கும் தங்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
ஏனோக்
(பழைய டோக்கன் நம்பர் 417)

பின்குறிப்பு: வர வேண்டாம்.

இதைச் சொல்லி முடித்ததும் ஜெயம்மா தலையைக் குனிந்துகொண்டு, அண்ணா, இன்றைக்குக் காலையில் ஒரு புது வசதிப் பெட்டி குதித்தது, பார்த்துவிட்டுத் தபாலில் போடலாமா என்றாள். எந்தப் பெயரை யார், எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று அது சொல்கிறதாம். நல்லதாகப் போயிற்று, டைட்டஸின் வண்டவாளம் தெரியட்டும் என்று அழுத்தச் சொன்னேன். இருபத்து நாலு பெயர், டைட்டஸ், போன திங்கட்கிழமை. ஒரு பெயர், ஏனோக், அதற்கு முந்தின வியாழக்கிழமை, பதினொன்று இருபது. செத்தவர்களை நான் மைக்கில் சொல்லி எடுத்த நாள் அது. ‘எட்மண்ட் பூட்டான், எடுத்துடு’ என்று சுருட்டையை மனதில் வைத்துக்கொண்டு நான்தான் சொன்னேன். அது பட்டியலில் முதலில் வந்த எட்மண்டை எடுத்துவிட்டது. மச்சான், உன்னை எடுத்தது டைட்டஸ் இல்லை, பொத்தான் இல்லை, உன் மாமன்.

டைட்டஸுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். வகுப்பில் அவருக்கு இதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், போன வாரமே பார்த்துவிட்டார் என்றாள். மீசையும் ஒட்டகமும் ஊர் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்த நாட்களில், நாற்பத்து மூன்று வட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது, இந்த ஒரு வரியை அவன் ஓரத்தில் போட்டிருந்தால் போதும், நான் அப்புறம் இந்த அறைக்குள் கால் வைத்திருக்க மாட்டேன். அவன் எழுதி வைத்திருப்பதைப் படி என்றேன். நாலு நாளாக நான் படிக்க விடாமல் வைத்திருந்தது இதுதான்: ‘எட்மண்ட் உயிரோடு இருப்பதற்கு நான் சாட்சி போடுகிறேன். செத்திருந்தால் அண்ணன் இந்நேரம் அதற்கும் என்னைத்தான் பிடித்திருப்பார். நான் அந்தக் கேங்கில் இருந்தேன் என்று அண்ணன் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிக் போட்டுவிடுவேன்.’

வேண்டுமானால் இந்தக் கடிதம் முழுவதையும் அழித்துவிட்டு வேறு எழுதலாம், ஒரே பொத்தான் என்று ஜெயம்மா சொன்னாள். அழித்த வரைக்கும் போதும், இதுவும் அப்படியே போகட்டும் என்றேன். போட்டோவை நீயே வைத்துக்கொள். டைட்டஸ் எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி பாவனை செய்கிறான். மைக்கை அந்தப் பட்டியலுக்கு மாற்று என்று சொல்லியிருக்கிறேன், மாற்றுகிறாள். உனக்கும் கேட்கட்டும் என்று இதிலும் சேர்த்தே சொல்கிறேன். ஞானமுத்து மகன் எட்மண்டின் கேங்கில், அவனைத் தவிர ஒன்பது பேர். ஆரோக்கியம் மேஸ்திரி, மைன்ஸ் மூடின வருஷம், நெஞ்சு அடைத்து. பவுல், மெட்ராஸில் மகன் வீட்டில். வெங்கடசாமி, சைக்கிளில் போகிறபோதே, இறங்காமல். இரட்டைப் பிள்ளைகள் தாமஸும் தாவீதும், ஒரே வாரத்தில், யார் முதலில் என்று அவர்கள் வீட்டிலேயே சண்டை. அந்தோணி, அவனை மட்டும் நாங்கள் மேலே கொண்டு வர முடியவில்லை. முனிரத்தினம், கொரோனாவில், முகம்கூடக் காட்டவில்லை. மாசிலாமணி, போன ஈஸ்டருக்கு மறுநாள், கையில் சீட்டோடு. எட்டாயிற்று. ஒன்பதாவது ஆளை நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூட எண்ணினதில்லை, அது ஞாபகமறதியால் இல்லை. ஆனால் இருந்தான், மூன்று வருஷம், அதே லெவலில், உன் பக்கத்தில். இன்றைக்கு உயிரோடு இருக்கிறவன் அவன் ஒருத்தன்தான். எழுதிக்கோ ஜெயம்மா. டைட்டஸ்.